நீர்வீழ்ச்சிக்குத் திரை கட்டிய ஆபீஸ்

ஜன்னல் இல்லாத அறையை ஆரோக்கியமான, மனதுக்கு இதமான பணியிடமாக மாற்றுவது எப்படி என்று யாராவது கேட்டால் நான் மணிக்கணக்கில் பேசுவேன். அனுபவஸ்தன். என் மேற்பார்வையில் மாற்றப்பட்ட அறையில் மீன் செத்தது, செடி செத்தது, ஒரு பெண்மணியின் பிழைப்பு சாகக் கிடந்தது. எனக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. ஆவதற்கு என்னிடம் பெரிதாக எதுவும் மிச்சமில்லை என்பது காரணமாக இருக்கலாம்.

தொண்ணூறுகளின் நடுவில் ஆரணியில் ஒரு பட்டு வியாபாரியிடம் மானேஜராக இருந்தேன். மானேஜர் என்றால் ஆர்டர் புத்தகம் எழுதுபவன். சென்னைக்கும் பெங்களூருக்கும் கடிதம் எழுதுபவன். டெலிபோனை எடுத்து, எதிரில் உட்கார்ந்திருக்கும் முதலாளியைப் பார்த்துக்கொண்டே, "முதலாளி வெளியூர் போயிருக்காருங்க" என்று சொல்பவன். எம்.ஏ. படித்தவன் என்பதால் எல்லோரும் என்னை 'சார்' என்பார்கள். சம்பளத்தில் சேர்க்க மனமில்லாததை மரியாதையில் சேர்த்துவிடுவது முதலாளிகளுக்குக் கட்டுப்படியாகும். எனக்கும் அது பிடித்திருந்தது என்பதுதான் கேவலம்.

கட்டடம் கிழக்குப் பார்த்தது. ரயில் பெட்டி மாதிரி நீளம். முன்னால் கடை, நடுவில் சரக்கு அறை, கடைசியில் ஆபீஸ். முன்பக்கம் புடவை விற்போம். பின்பக்கம் சாயம் போட்டு வந்த பட்டு நூலை எடை போட்டு, முள்ளிப்பட்டு கிராமத்திலும் அதைச் சுற்றியும் வீட்டில் தறி வைத்திருப்பவர்களிடம் கொடுத்து, நெய்து வாங்குவோம். ஆபீசுக்கு ஒரே ஒரு ஜன்னல். அது ஒரு சந்துப் பக்கம் பார்த்து இருந்தது. அதன் வழியாக வெயில் வரும், அரிசி மில்லின் உமித்தூள் வரும், சந்தில் ஒதுங்குகிறவர்கள் விட்டுப்போகும் வாசனையும் வரும். சொர்க்கவாசல் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஜன்னல்.

அந்த ஜன்னலடியில் ஒரு மேஜை. அங்கே உட்கார்ந்திருந்தவர்தான் இந்தக் கதையில் வேலை தெரிந்த ஒரே ஆள். நாற்பது வயதுப் பெண்மணி. முள்ளிப்பட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவார். வீட்டுக்காரர் தறி நெய்கிறவர். ஒரு புடவை தறியை விட்டு இறங்கினால்தான் அவருக்குக் கூலி. மாதம் பிறந்தால் வருகிற பணம் என்று அந்த வீட்டில் இருந்தது இந்த அம்மாவின் சம்பளம் மட்டும். இரண்டு பெண்கள் ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் வேலை நிறம் பார்ப்பது. சாயப்பட்டறையிலிருந்து நூல் கழி கழியாக, முறுக்கிய கற்றைகளாக வரும். ஒரு புடவையின் உடலுக்கே பல கழி வேண்டும். ஒரே கிளிப்பச்சைதான்; ஆனால் திங்கட்கிழமை காய்ச்சிய கிளிப்பச்சைக்கும் புதன்கிழமை காய்ச்சிய கிளிப்பச்சைக்கும் ஒரு மயிரிழை வித்தியாசம் இருக்கும். இரண்டையும் கலந்து தறிக்குக் கொடுத்துவிட்டால், புடவையைப் பிரிக்கும்போது நடுவில் எல்லைக்கோடு போட்டது போல இந்தப் பக்கம் ஒரு பச்சை, அந்தப் பக்கம் ஒரு பச்சை. கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வந்தவர்கள் அதைப் பார்த்தால் எழுந்து போய்விடுவார்கள். அந்த அம்மா கழியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒரு தடவை முறுக்கி, விரித்து, இது அதோடு சேரும், இது சேராது என்று இரண்டு குவியலாகப் போடுவார். சாயப்பட்டறைக்காரர்கள் அவரிடம் வாதாடிப் பார்ப்பார்கள். அவர் கழியை ஜன்னல் பக்கம் நீட்டிக் காட்டுவார். வாதம் முடிந்தது.

அந்தச் சமயத்தில் ஆரணியில் வாஸ்து காய்ச்சல் பரவியிருந்தது. வீட்டுக்கு வீடு எதையாவது இடித்துக்கொண்டிருந்தார்கள். நன்றாகத் தண்ணீர் வந்துகொண்டிருந்த கிணற்றை மூடினார்கள். மாடிப்படியைக் கழற்றி வேறு பக்கம் வைத்தார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் கக்கூசை மாற்றி வைத்துவிட்டு, புதியது கட்டி முடிகிற வரைக்கும் பக்கத்து வீட்டுக்கு வரிசையில் போய்க்கொண்டிருந்தது. எங்கள் முதலாளிக்கு ஒரு பெரிய ஆர்டர் கைநழுவிப் போயிற்று. போனதற்குக் காரணம், சரக்கைச் சொன்ன தேதிக்கு அனுப்பாமல் மூன்று வாரம் தூங்கியது. இதற்கு வாஸ்து சாஸ்திரத்தில் பரிகாரம் உண்டா என்று பார்க்க வேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு நிபுணர் காரில் வந்தார்.

நிபுணர் திசைகாட்டியைத் தரையில் வைத்தார். அது தள்ளாடி நிற்கும் வரை எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பிறகு ஜன்னலைக் கையால் காட்டினார். அது கன்னி மூலையாம், அதாவது தென்மேற்கு. அங்கே ஓட்டை இருந்தால் லட்சுமி அந்த வழியாக இறங்கிப் போய்விடுவாளாம். சந்தில் நடக்கும் காரியங்களைப் பார்த்திருந்தால் லட்சுமி அந்தப் பக்கம் காலை வைத்திருக்க மாட்டாள் என்று எனக்குத் தோன்றியது. "ரொம்ப நுட்பமான விஷயங்க" என்றேன். மறுநாள் கொத்தனார் வந்து ஜன்னலைப் பிடுங்கிவிட்டுச் செங்கல் வைத்துப் பூசிவிட்டுப் போனார். அந்த அம்மாவின் மேஜை இப்போது ஒரு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது.

அவர் அன்றைக்கே சொல்லிவிட்டார், வெளிச்சம் இல்லாமல் நிறம் பார்க்க முடியாது என்று. முதலாளி தலைக்கு மேலிருந்த இரண்டு டியூப்லைட்டைக் காட்டி, இது என்ன இருட்டா என்று கேட்டார். அவருக்கு வெளிச்சம் என்பது மின்சார வாரியம் சம்பந்தப்பட்ட விஷயம். அந்த அம்மா கொஞ்ச நாள் கழிகளை முந்தானையில் மறைத்து எடுத்துக்கொண்டு முன்வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். ஒரு நாள் காலையில் அதுவும் மாட்டிக்கொண்டது. கடையில் முதல் வியாபாரம் ஆகிப் போணி விழுவதற்கு முன்னால் நூல் வாசற்படியைத் தாண்டக் கூடாது என்பது முதலாளியின் தகப்பனார் காலத்துச் சட்டம். போணி ஆன பிறகோ, கடையில் ஆட்கள் இருப்பார்கள்; அவர்கள் முன்னால் மூட்டை தூக்கிக்கொண்டு போவது கடைக்கு அழகில்லையாம். ஆகக் காலையிலும் கூடாது, பிறகும் கூடாது. அந்த அம்மா டியூப்லைட்டுக்குக் கீழே கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பாதி பார்வையும் பாதி ஞாபகமுமாக ஒப்பேற்றினார்.

ஒரு மாதத்தில் அறை தன் வேலையைக் காட்ட ஆரம்பித்தது. முதலாளி மூக்குப்பொடி போடுகிறவர். சரக்கு அறையிலிருந்து பாச்சை உருண்டை வாசனை வரும். இரண்டும் கலந்து, வெளியே போக வழியில்லாமல், மத்தியான வேளையில் எங்கள் நெற்றிப்பொட்டில் வந்து உட்காரும். எங்களுக்குத் தலைவலி வந்தவரை அது சோம்பேறித்தனமாக இருந்தது. முதலாளிக்குத் தலைவலி வந்ததும் அது பிரச்சினை ஆயிற்று. ஜன்னலைத் திறப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. அதனால் என்னைக் கூப்பிட்டார்.

"சார், நீங்க படிச்சவரு. உள்ள உக்காந்துகினு இருந்தா ஒரே பேஜாரா கீது. ஃபாரின்ல எல்லாம் ஜன்னலே இல்லாம ஆபீஸ் வெச்சிகிறான் இல்ல? அவன் இன்னா பண்றான்னு பாத்து அதை நம்ம ஆபீஸ்ல பண்ணுங்க."

அந்த நிமிஷத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது இரண்டே வார்த்தை: ஜன்னலைத் திறங்க. ஆனால் என்னைப் படித்தவன் என்று சொல்லிவிட்டாரே. பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கி வைத்திருந்த ஒரு கட்டு ஆங்கிலப் பத்திரிகைகளைப் புரட்டி, பணியிட நலம் பற்றி யாரோ எழுதியிருந்த ஒரு கட்டுரையைக் கண்டுபிடித்தேன். அதை எழுதியவர் ஆரணியை மனதில் வைத்து எழுதவில்லை என்பது முதல் வரியிலேயே தெரிந்தது. அதில் அறையைச் சூடாக வைத்துக்கொள்வது எப்படி என்றும் ஒரு பத்தி இருந்தது. அதை மட்டும் விட்டுவிட்டு, நான்கு பக்கத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு திட்டம் தயாரித்தேன். முதலாளிக்கு ஆங்கிலம் தெரியாது. அதனால் திட்டத்தில் அவரால் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

முதலில் காற்று. எக்ஸாஸ்ட் ஃபேன் வைக்க வெளிச்சுவரில் துளை போட வேண்டும்; துளை போட்டால் லட்சுமி போய்விடுவாள். எனவே உள்சுவரில் வைத்தோம். ஃபேன் அற்புதமாகச் சுற்றியது. ஆபீசின் கெட்ட காற்றை எல்லாம் உறிஞ்சி, கல்யாணப் பட்டு அடுக்கியிருந்த சரக்கு அறைக்குள் தள்ளியது. அங்கிருந்து அது கதவு வழியாகத் திரும்பி வந்து எங்களிடம் சேர்ந்தது. பட்டுப் புடவையைப் பிரித்து வைத்ததும் தும்மின வாடிக்கையாளர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது ஏர் கூலர். தண்ணீர் ஊற்றினால் குளுகுளுவென்று காற்று வரும் என்றார்கள். காற்று வந்தது, கூடவே ஈரமும் வந்தது. நூல் ஈரத்தைக் குடித்து எடை ஏறியது. தறிக்காரர்கள் வாங்கிக்கொண்டுபோன நூல் வீட்டுக்குப் போனதும் இளைத்தது. அவர்கள் எங்களைத் திருடர்கள் என்று நினைத்தார்கள், முதலாளி அவர்களைத் திருடர்கள் என்று நினைத்தார், நான் கூலரின் ஒயரைப் பிடுங்கினேன்.

இயற்கையோடு தொடர்பு வேண்டும் என்று கட்டுரை சொல்லியிருந்தது. காலி பிராந்தி பாட்டிலில் மணி பிளான்ட் வைத்தேன். வெயில் படாமல் அது இலை இலையாக வெளுத்து, கடைசியில் ஒரு கயிறு மாதிரி தொங்கியது. அதற்குப் பதில் ஒரு பிளாஸ்டிக் செடி வாங்கி வைத்தோம். முதலாளி அதற்கு மூன்று வாரம் தண்ணீர் ஊற்றினார். நான் சொல்லவில்லை. மீன் தொட்டியில் நான்கு தங்க மீன். கரண்ட் போனால் தொட்டிக்குக் காற்று ஊதும் மோட்டார் நிற்கும். ஆரணியில் கரண்ட் போவதைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மீன்கள் ஒரே வாரத்தில் மிதந்தன. நான்கில் ஒன்று கடைசிவரை தண்ணீருக்கு மேலே வாயைத் திறந்து திறந்து மூடியது. அந்த அறையில் காற்றுப் போதவில்லை என்று வெளிப்படையாகச் சொன்ன தைரியசாலி அது ஒன்றுதான் என்று சொல்லலாம், அந்த அம்மாவை விட்டுவிட்டால்.

சுவரில் காட்சி வேண்டும். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஆள் உயரப் படங்கள் விற்பார்கள். நீர்வீழ்ச்சி, பனிமலை, செர்ரிப் பழம் கொட்டிக் கிடக்கும் தட்டு. நீர்வீழ்ச்சியை வாங்கி, செங்கல் வைத்து அடைத்த அதே இடத்தில் ஒட்டினேன். அதற்கு இரண்டு பக்கமும் கம்பி அடித்துத் திரைச்சீலை தொங்கவிட்டேன், ஜன்னல் மாதிரி தெரியட்டும் என்று. இந்த மேதாவித்தனத்துக்கு எனக்குப் பாராட்டு கிடைத்தது. முதலாளி சாயங்காலம் ஆபீஸைப் பூட்டும்போது திரையை இழுத்து மூடுவார், காலையில் வந்ததும் திறந்துவிடுவார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், நம்ம சார் ஐடியா என்று என்னைக் காட்டுவார். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வேன்.

கடைசியாக விளக்கு. இதுதான் என் சாதனையின் சிகரம். டியூப்லைட்டின் வெள்ளை வெளிச்சம் நரம்புகளைக் களைப்படையச் செய்யும், மஞ்சள் வெளிச்சம் மனதை அமைதிப்படுத்தும் என்று கட்டுரை சொன்னது. டியூப்லைட்டைக் கழற்றிவிட்டு, கண்ணாடித் தொப்பி போட்ட குண்டு பல்புகள் ஆறு மாட்டினேன். சுவருக்கு இளம்பச்சை டிஸ்டெம்பர். அறை நிஜமாகவே அழகாக ஆகிவிட்டது, ஒரு மட்டமான ஓட்டலின் குடும்ப அறை மாதிரி. ஆறு பல்பும் ஆறு அடுப்பாக எரிந்தன. முதலாளிக்கு மனம் அமைதியடைந்தது. மத்தியானம் இரண்டு மணி நேரம் நாற்காலியிலேயே தூங்கினார்.

அந்த அம்மா பல்பு மாட்டிய அன்று இரண்டு கழியை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். சந்தன நிறம் ஒன்று, வெள்ளை ஒன்று. இரண்டும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிந்தன. டியூப்லைட்டில் பாதிக் குருடாக இருந்தேன், இதில் முழுக் குருடு, நீங்கள் சொன்னால் மொதலாளி கேட்பார் என்றார். பார்க்கலாம் என்றேன். பார்க்கவில்லை. நான்கு பக்கத் திட்டத்தில் ஒரு வரியைத் திரும்பப் பெறுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

ஒன்றரை மாதத்தில் விளைவு வந்தது. பெங்களூர்க் கடை ஒன்று ஆறு புடவைகளைத் திருப்பி அனுப்பியது. ஒவ்வொன்றிலும் பாதியில் நிறம் மாறுகிறது என்று கடிதம். ஆபீசில் மேஜை மேல் புடவைகளைப் பிரித்துப் போட்டோம். முதலாளி குனிந்து பார்த்தார், நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. மஞ்சள் வெளிச்சத்தில் ஆறு புடவையும் வெண்ணெய் மாதிரி வழுவழுவென்று ஒரே நிறமாக இருந்தன. அந்த அம்மா, வாசலில் கொண்டுபோய்ப் பாருங்கள் மொதலாளி என்றார். விலையைக் குறைக்க நாடகம் ஆடுகிறான் என்று முதலாளி அதற்குள் முடிவு செய்துவிட்டிருந்தார். பதில் எழுதும் பொறுப்பு எனக்கு. அந்தக் கடைக்காரரின் நேர்மையையும் கண்பார்வையையும் ஒருங்கே சந்தேகித்து, நல்ல ஆங்கிலத்தில், மூன்று பத்திகள் எழுதினேன். அவ்வளவு அழகான கடிதத்தை நான் அதற்கு முன் எழுதியதில்லை.

பெங்களூர்க்காரர் கடிதம் எழுதவில்லை. ஏழாவது புடவையைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார். கடைக்குள்ளே வரக்கூட இல்லை. வாசற்படியில் நின்று, காலை வெயிலில், புடவையை இரண்டு கையாலும் விரித்துக் காட்டினார். பாதிப் புடவை மயில் கழுத்து, மீதிப் பாதி அதற்குத் தூரத்துச் சொந்தம். கோடு தெளிவாகத் தெரிந்தது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். ஒருவர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டே பார்த்தார்.

பெங்களூர்க்காரரைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு முதலாளி உள்ளே வந்தார். உள்ளே நன்றாக இருந்த சரக்கு வெளியே ஏன் கெட்டுப்போயிற்று என்று ஒரு எருமைமாட்டுக்குக்கூடத் தோன்றியிருக்கும். முதலாளிக்குத் தோன்றவில்லை. பார்ப்பது யார் வேலை என்று கேட்டார். அந்த அம்மாவுக்கு வயதாகிவிட்டது, கண் போய்விட்டது என்றார். வேலூருக்குப் போய்க் கண்ணைக் காட்டிவிட்டு வரச் சொன்னார்; கண் சரியில்லை என்றால் வீட்டில் இருந்துகொள்ளலாமாம்.

அந்த அம்மா ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வேலூர் போய் வந்தார். மறுநாள் காலையில் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை மேஜை மேல் வைத்தார். பார்வையில் எந்தக் கோளாறும் இல்லை. நான்தான் முதலாளிக்குப் படித்துச் சொன்னேன். படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது, இத்தோடு முடிந்துவிடும் என்று. முதலாளி மூக்குப்பொடியை உறிஞ்சிக்கொண்டு யோசித்தார்.

"கண்ணு நல்லாகீதுன்னா, அப்போ கவனம் இல்லன்னு அர்த்தம்" என்றார்.

கண் கெட்டிருந்தால் விதி. நன்றாக இருந்ததால் குற்றம். இதுதான் எங்கள் ஆபீசின் தர்க்க சாஸ்திரம். மாதக் கடைசியோடு அந்த அம்மா நின்றுகொள்ளட்டும், சின்ன வயசில் கண் உஷாராக இருக்கிற ஒரு ஆளைப் பாருங்கள் சார் என்று என்னிடம் சொன்னார். அந்த அம்மா நான்கடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த அறையில் எதுவும் வெளியே போகாது என்பதால் ஒவ்வொரு வார்த்தையும் அவர் காதில் விழுந்தது.

அவர் எழுந்து வந்தார். கையில் நான்கு கழி. நான்கையும் முதலாளி மேஜையில் வரிசையாக வைத்தார். குரலை உயர்த்தவில்லை.

"இதுல எது எது ஒண்ணு, நீங்க எடுங்க மொதலாளி."

முதலாளி முதலில் முறைத்தார். பிறகு பந்தயத்தில் தோற்கப் பிடிக்காத ஆள் மாதிரி குனிந்து பார்த்து, நான்குமே ஒன்றுதான் என்றார். வாங்க, வாசல்ல போய்ப் பாக்கலாம் என்றார் அந்த அம்மா. இன்னும் போணி ஆகவில்லை, நூல் படி தாண்டக் கூடாது என்றார் முதலாளி. மணி பத்தரை. அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க சார். உங்களுக்குத் தெரியும்."

தெரியும். இரண்டு மாதமாகத் தெரியும். சந்தனமும் வெள்ளையும் ஒன்றாகத் தெரிந்த நாளிலிருந்து தெரியும். நான் நீர்வீழ்ச்சியைப் பார்த்தேன், ஆறு பல்பைப் பார்த்தேன். வேர்த்துக்கொண்டிருந்தது, அதற்குப் பல்பைக் குறை சொல்லலாம். "கலர் மாறித் தெரியறதுக்குக் காரணம் லைட்டுதாங்க. மஞ்சள் லைட்டு. நான் போட்டது" என்றேன். அதைச் சொல்ல நான் எடுத்துக்கொண்ட நேரத்தில் முதலாளி இரண்டு தடவை பொடி போட்டுவிட்டார்.

முதலாளிக்குக் கோபம் வரவில்லை. முகம் மலர்ந்தது. குற்றம் அவர் கட்டிய சுவரிலிருந்து நான் மாட்டிய பல்புக்கு நகர்ந்துவிட்டதே. அப்போ பழைய டியூப்லைட்டைத் திரும்பி மாட்டுங்க, ஜல்தியா மாட்டுங்க என்றார். விஷயம் தீர்ந்தது என்று நாற்காலியில் சாய்ந்தார். அந்த அம்மா நகரவில்லை. டியூப்லைட்டிலும் பார்க்க முடியாது, பகல் வெளிச்சம் வேண்டும், இல்லாவிட்டால் இன்னொரு புடவை திரும்பி வரும், அன்றைக்கும் என்னைத்தான் வேலூருக்கு அனுப்புவீர்கள் என்றார்.

முதலாளி நிமிர்ந்தார். "இன்னா, செவுத்தை இடிக்கச் சொல்றியா?"

உண்மை அதோடு தன் பலத்தை இழந்து படுத்துவிட்டது. அந்த அறையில் உண்மைக்கு அவ்வளவுதான் ஆயுள். எனக்கு ஒரு விஷயம் புலப்பட்டது: இந்த மனிதரிடம் வெளிச்சத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை, திசையைப் பற்றிப் பேச வேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டு, கடையின் முன் மூலை, செருப்பு ஸ்டாண்டு இருக்கும் இடம், அது வடகிழக்கு, ஈசானியம் ஆயிற்றே என்றேன். சுபகாரியப் புடவைக்கு நூல் தேர்ந்தெடுக்கிற வேலை கன்னி மூலையில் நடப்பது எனக்கு ஆரம்பத்திலிருந்தே உறுத்திக்கொண்டிருந்தது என்றேன். ஒரு சுமங்கலி ஈசானியத்தில் உட்கார்ந்து கிழக்கு வெளிச்சத்தில் பட்டைத் தொட்டால் அந்தப் பட்டு வீடு தேடிப் போய் விற்கும் என்று, எந்தச் சாஸ்திரத்திலும் இல்லாத ஒன்றை, எம்.ஏ. படித்த வாயால் சொன்னேன். சொல்லும்போது திக்கவே இல்லை. பல்பைப் பற்றிச் சொல்லத்தான் அத்தனை திக்கல்.

முதலாளி உடனே டெலிபோனை எடுத்து நிபுணரைக் கூப்பிட்டார். நான் உள்ளுக்குள் செத்தேன். நிபுணர் அந்தப் பக்கத்திலிருந்து, இதைத் தானே சொல்ல நினைத்து அவசரத்தில் மறந்துவிட்டதாகச் சொன்னாராம். தொழில் தெரிந்த ஆசாமி. எங்கள் இரண்டு பேருக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்துப் பார்த்தேன். அவரிடம் கார் இருந்தது.

செருப்பு ஸ்டாண்டை இடது பக்கம் நகர்த்தினார்கள். அந்த அம்மாவின் மேஜை கன்னி மூலையிலிருந்து கட்டடத்தின் முழு நீளத்தையும் தாண்டி வாசலுக்கு வந்தது. தெருவின் வெளிச்சம், தெருவின் காற்று, பஸ் ஹாரன், எதிர் டீக்கடை. நான்கு பக்க ஆங்கிலத்தில் நான் அடையப் பார்த்ததெல்லாம் செருப்புகளுக்குப் பக்கத்தில் இலவசமாகக் கிடந்தது. மாதக் கடைசியில் நின்றுகொள்ள வேண்டும் என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை. தவறு என்று யாரும் சொல்லவுமில்லை. வேலூருக்குப் போன நாளின் சம்பளம் பிடித்தது பிடித்ததுதான்.

ஆனால் முதலாளி ஒரு நிபந்தனை வைத்தார். மேஜை வாசலில் இருக்கலாம். போணி ஆகும் வரைக்கும் நூல் மூட்டையை அவிழ்க்கக் கூடாது. முதல் நாள் காலையில் அந்த அம்மா ஒன்பது மணிக்கே வந்து, மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, அவிழ்க்காமல் உட்கார்ந்திருந்தார். சாய்ந்து வருகிற கிழக்கு வெயில் மேஜை மேல் முழுசாக விழுந்திருந்தது. நிறம் பார்க்க அதைவிட நல்ல நேரம் கிடையாது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஒன்பதரை ஆயிற்று, பத்து ஆயிற்று. ஒரு வாடிக்கையாளர் இல்லை. வெயில் மேஜையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் படிக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஆபீசிலிருந்து எழுந்து முன்னால் வந்து, கல்லாவுக்கு எதிரில் நின்று, ஒரு ரவிக்கைத் துண்டு கொடுங்கள் என்றேன். விற்பனையாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வீட்டில் விசேஷமா சார் என்றார். ஆமாம் என்றேன். முதலாளி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். வேலை செய்கிறவன் வாங்கினால் போணியில் சேருமா என்று ஒரு கணம் அவர் முகத்தில் கேள்வி ஓடியது. ரூபாய் நோட்டைப் பார்த்ததும் கேள்வி போய்விட்டது. காசை வாங்கிக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டார்.

பின்னால் மூட்டையின் முடிச்சு அவிழும் சத்தம் கேட்டது. அந்த அம்மா முதல் கழியை எடுத்து, முறுக்கி, விரித்து, வெளிச்சத்தில் பிடித்தார். இன்னொன்றை அதன் பக்கத்தில் வைத்தார். தலையை ஆட்டிவிட்டு அதைத் தனியே போட்டார். என்னைத் திரும்பிப் பார்க்காமலேயே கேட்டார்.

"இந்த ஈசானியத்தை ரெண்டு மாசம் முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்?"

கேலியாகக் கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது கேலியாகச் சொல்லித் தப்பித்திருப்பேன். ரவிக்கைத் துண்டைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு நான் உள்ளே போனேன். ஆர்டர் புத்தகம் அங்கேதான் இருந்தது.